அந்த பீமுக்குக் கீழே படுக்கலாமா?

போன மாதத்திலிருந்து என் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் புது அறைக்குப் போய், சரியாக பீமுக்குக் கீழே கட்டிலை இழுத்துப் போட்டு மல்லாந்து படுத்துக்கொள்கிறார். எழுந்து கடைக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தை: "பாத்தியா, விழுகலை."

சிரிக்காதீர்கள். விஷயம் தெரிந்தால் நீங்களும் அண்ணாந்துதான் பார்ப்பீர்கள்.

மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்காகப் பின்பக்கம் ஓர் அறை கட்டினோம். நடுவில் கான்கிரீட் பீம். அதில் தொட்டில் கட்ட ஓர் இரும்புக் கொக்கி. எப்படியோ பர்மிட்டில் சிமென்ட் கிடைத்துவிட்டது, ஜல்லிதான் வரவில்லை. லாரிக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். பிள்ளை காத்திருக்குமா?

கொல்லையில் மாமனார் காலத்துச் சாயத்தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றிய கான்கிரீட் தொட்டி. "இதுவும் கல்லுதான" என்றார் என் வீட்டுக்காரர். உடைத்தோம்... ஜல்லியாக்கினோம்... பீமுக்கே போட்டுவிட்டோம்.

பீமைத் தாங்கிய பலகையைப் பிரித்த அன்று பார்த்தால், பீமின் அடியில் தலைமுடி மாதிரி ஒரு கீறல்.

ரோடு வேலை பார்க்கும் ஓவர்சியர் எங்களுக்கு மருமகன் முறை. அவரைக் கூட்டிவந்தோம். பழைய கான்கிரீட்டில் ஒட்டியிருக்கும் காரை தண்ணீரைக் குடிக்குமாம். முதல் நாளே நன்றாக ஊறவைத்துப் போடாவிட்டால், புதுக் கலவையின் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளுமாம். "ஊறவச்சீகளா?" என்றார்.

அருப்புக்கோட்டையில், இந்தக் கோடையில், கல்லை ஊறவைப்பதா? குழாயடியில் ஒரு குடத்துக்கு நடக்கும் சண்டை ஊருக்கே தெரியும். பீமுக்கு ஈரச்சாக்கு கட்டியதற்கே எதிர்வீட்டு அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

பீம் போட்ட பரளச்சி ஊர்க் கொத்தனாருக்கோ கோபம். "ஏம்மா, அந்தத் தொட்டிய ஒடைக்க நாங்க பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியாதா? அதுவா விழுகும்?"

இதுவும் நியாயமாகத்தானே இருக்கிறது? நான் பள்ளி இறுதி வரை படித்தவள். ஆனாலும் யார் பேசினாலும் அவர் பக்கமே சாய்கிறேன்.

தாங்குமா, தாங்காதா... ஒன்று சொல்லுங்கள் என்று ஓவர்சியரிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தாங்கும் அத்தை. ஆனா நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதீக."

இடித்துவிட்டு மறுபடி கட்டலாமென்றால் சிமென்டுக்கு எங்கே போவது? கடைசியில் அறைக்கு மேலே மொட்டைமாடியில் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்ப்பது என்று முடிவானது. யாரும் உள்ளே போகக்கூடாது என்று வாசலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டோம்.

மேலே மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. கீறலைப் பார்க்க ஜன்னல் பக்கம் போனேன்.

உள்ளே, பீமுக்கு நேர் கீழே, என் மகள் நிற்கிறாள். நிறைமாத வயிற்றோடு. பெஞ்சை நகர்த்திவிட்டுப் போயிருக்கிறாள். கையில் சேலைத் தொட்டில். கொக்கி உயரத்துக்கு நீளம் போதுமா என்று அளந்துகொண்டிருக்கிறாள்...

கத்தினால் பதறி விழுந்துவிடுவாளோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்த கை, நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

அவள் நிதானமாக அளந்துவிட்டு வெளியே வந்தாள். "ஏம்மா இப்பிடி வேர்க்குது ஒனக்கு?"

பீம் அசையவில்லை. கீறலும் வளரவில்லை. ஓவர்சியர் சிரித்தார். கொத்தனார் மீசையைத் தடவினார். என் வீட்டுக்காரர் அன்றைக்கே கட்டிலைக் கொண்டுபோய்விட்டார்.

ஆனால் நான் விடவில்லை. பேரன் பிறந்து வீட்டுக்கு வந்ததும் தொட்டிலைப் பழைய அறையில்தான் கட்டவைத்தேன். பனங்கட்டை உத்திரத்தில். இந்த வீட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் சுமந்த கட்டை அது.

நேற்றுத் தொட்டிலை ஆட்டும்போது, பிள்ளையின் போர்வையில் மாவு மாதிரி என்னவோ உதிர்ந்திருந்தது. பவுடர் என்றுதான் முதலில் நினைத்தேன். தொட்டுப் பார்த்தால், மரத்தூள். அண்ணாந்தேன்.

அந்த உத்திரத்தின் மேல் ஒரு மணல் மூட்டையைக்கூட நாங்கள் வைத்துப் பார்த்ததில்லை!