கரடியும் கீழ்வீட்டுக்காரியும்

வீதின் என்ற ஊரில் தன்யூப் ஆற்றுக்கு அருகே உள்ள பழைய அடுக்குமாடி ஒன்றில், நாலாம் மாடியில் நெவியானா தனியாக இருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. பகலெல்லாம் செருப்புப் பட்டறையில் தோல் தைப்பாள். வீட்டுக்கு வந்ததும் வீங்கிய முழங்காலை முக்காலியில் தூக்கிப் போட்டுக்கொள்வாள். புருஷன் எப்போதோ வேறொருத்தியோடு போய்விட்டான். மகள் பிலியானா ஸ்பெயினில். அந்த ஊரில் பாதி வீடுகளின் கதை இதுதான், அதனால் யாரும் இதைச் சொல்லி அழுவதில்லை.

'ஏழு தீவு' என்ற கணினி உலகத்தில் அவளைச் சேர்த்துவிட்டவள் மகள்தான். "போன்ல பேச நமக்கு என்னம்மா இருக்கு? அங்க வா, சேர்ந்து நடக்கலாம்" என்றாள். நீண்ட கால்களும் மஞ்சள் மழைக்கோட்டுமாக, இஸ்க்ரா என்றொரு செம்பட்டைத் தலைக்காரியை அங்கே அம்மாவின் உருவமாக ஆக்கியும் கொடுத்தாள். சில ஞாயிறுகள் இருவரும் அங்கே கடற்கரையில் நடந்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிறு மகளுக்கு வேலை வந்தது. அதற்கப்புறம் எல்லா ஞாயிறும் வேலைதான்.

நெவியானா மட்டும் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் இஸ்க்ராவுக்குத் தொப்பி மாட்டப் போய், தொப்பி வந்த பெட்டியையே தலையில் கவிழ்த்துவிட்டாள். எதை அழுத்தியும் கழலவில்லை. சந்தை நடுவில் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, மாலுமிக் குல்லாய் போட்ட தடிக் கரடி ஒன்று எதிரே வந்து நின்றது. தலைக்கு மேலே மெச்சோ என்று பெயர் மிதந்தது. அங்கே பேச்செல்லாம் எழுத்தில்தான்.

"உள்ள ஆள் இருக்கா?" என்று கரடி எழுதியது.

"இருக்கேன். வெளிய வரத்தான் வழி தெரியல."

"அடுத்த தடவை ஜன்னல் வச்ச பெட்டியாப் பார்த்து வாங்கு தாயே!"

நெவியானா வாய்விட்டுச் சிரித்தாள். காலியான வீட்டில் தன் சிரிப்பே அவளைத் திடுக்கிட வைத்தது.

அன்றிலிருந்து இஸ்க்ராவும் மெச்சோவும் ஒட்டிக்கொண்டார்கள். யாரோ முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்தில் நுழைந்து, மாப்பிள்ளை நாற்காலியில் கரடி உட்கார்ந்து எழுந்திருக்கத் தெரியாமல் விழித்தது. கேட்காமல் எடுத்துப் போன படகைப் பாறையில் மோதி மூழ்கடித்தார்கள். பறக்கும் பலூனிலிருந்து கைகோத்துக் குதித்து ஒரு பூசணித் தோட்டத்தில் தலைகீழாக நட்டுக்கொண்டு நின்றார்கள். படி இறங்கவே பக்கச் சுவரைப் பிடிக்கிற நெவியானா, அங்கே கூரைக்குக் கூரை தாவினாள்.

இந்தப் பக்கம் வீட்டில் ஒரு தீராத சண்டை இருந்தது. மேல்வீட்டு மெத்தோதியின் குளியலறையிலிருந்து நீர் கசிந்து அவள் கூரையெல்லாம் கறுத்துக் கிடந்தது. சொல்லிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். பிறகு அவர் மேலே எதை உருட்டினாலும் மேல்வீடு வரை போகும் சுடுநீர்க் குழாயில் அகப்பையால் ஓங்கித் தட்டுவதோடு நின்றுவிட்டாள். படியில் எதிர்ப்பட்டால் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், இருட்டிய பிறகு தெருமுனை மின்பெட்டி வெடித்துக் கட்டடமே அணைந்துபோனது. மின்சாரம் திரும்பியதும் இஸ்க்ராவும் மெச்சோவும் அதே பாலத்தில் ஒரே சமயத்தில் முளைத்தார்கள்.

"எங்க போன?" என்று கேட்டாள்.

"கரண்ட் போச்சு. இந்த வீதின்ல மழை பெய்ஞ்சாலும் போகும், பெய்யாட்டியும் போகும். விடு, நல்லதுதான். ஒரு மணி நேரமா கீழ்வீட்டுக் கிழவி குழாயத் தட்டல. இருட்டுல அகப்பை கிடைக்கல போல."

நெவியானாவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. மேலே மெத்தோதி வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "ரொம்பக் கெட்டவளோ?" என்று எழுதினாள்.

"என் பொண்டாட்டி ஸ்தொயாங்கா செத்தாள்ல, அந்த வாரம். வாசக்கதவுல அவ போட்டோ போட்டு இரங்கல் தாள் ஒட்டியிருக்கு. அதப் பார்த்துட்டுத்தானே மேல ஏறியிருப்பா? போய்க் குழாயத் தட்டினாளே. அத மட்டும் மறக்க முடியல."

பார்த்துவிட்டுத்தான் தட்டியிருந்தாள். படுக்கையில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்த ஆத்திரம். அன்றைக்கு அது பெரிதாகத் தெரிந்தது.

நான்தான் அவள் என்று எழுத ஆரம்பித்தாள், அழித்தாள். சொன்னால் கரடி போய்விடும் என்று பயம். அகப்பையை மட்டும் அடுக்களை மூலையில் போட்டாள். அதன் பின் குழாயைத் தொடவில்லை. சில வாரம் கழித்து மெச்சோவே எழுதியது: "கீழ்வீட்டுக்காரி சத்தத்தையே காணோம். போய்ச் சேர்ந்துட்டாளோன்னு கீழ கதவப் போய்ப் பார்த்தேன். தாள் ஒண்ணும் ஒட்டல."

இஸ்க்ரா விழுந்து விழுந்து சிரிப்பதுபோல் ஒரு பொத்தான் இருந்தது. நெவியானா அதை அழுத்தினாள். கண் எரிந்தது. அந்த நாட்களில்தான் தன் மனைவியின் கடைசி மாதங்களைப் பற்றியும், தொலைபேசியை எடுக்காத மகனைப் பற்றியும் கரடி நிறைய எழுதியது. நிறுத்தியிருக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இலையுதிர் காலத்தில் மெச்சோ வருவது நின்றது. மேலே இருமல் மட்டும் கேட்டது, இரவும் பகலும். மூன்றாம் நாள் நெவியானா கோழிச்சாறு வைத்து, சட்டியை இடுப்போடு அணைத்தபடி ஒவ்வொரு படியாக ஏறினாள்.

கதவைத் திறந்த மெத்தோதியின் முகம் சவரம் செய்யாமல் வெளுத்திருந்தது. "என்னம்மா, குழாயத் தட்டிச் சலிச்சு இப்ப கதவத் தட்ட வந்துட்டீங்களா? இன்னைக்கு நான் குளிக்கவே இல்ல, பார்த்துக்கோங்க."

"சண்டைக்கு வரல. சாறு கொண்டுவந்தேன். சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க மெச்சோ."

வாய்தவறி வந்துவிட்டது. அவர் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இஸ்க்ராவா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"கரண்ட் போன அன்னைலேர்ந்து."

"மார்ச்லேர்ந்தா?" கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஸ்தொயாங்கா பத்தி நான் சொன்னதெல்லாம்... அவள குளிப்பாட்டினது, அவ அழுதது... எல்லாத்தையும் தெரிஞ்சே கேட்டுட்டு இருந்தீங்க."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க வராம போயிடுவீங்கன்னு..."

"கீழ்வீட்டம்மா, எனக்கு நிக்க முடியல" என்றார். சட்டியை வாங்கிக்கொண்டார். கதவை மெல்லச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

நாலைந்து நாள் கழித்துச் சட்டி அவள் வாசலில் இருந்தது. பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது அங்கே வழக்கமில்லை; ஒரு ஆப்பிளாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சட்டிக்குள் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் மேலே ஆட்கள் வந்து தரையைப் பெயர்த்துக் குழாயை மாற்றினார்கள். கூரையில் ஈரம் காய்ந்தது.

மெச்சோ திரும்பி வரவில்லை. பாலத்திலும் சந்தையிலும் இஸ்க்ரா தனியாகச் சுற்றினாள். பேச வந்தவர்களுக்கு ஒற்றை வரியில் பதில் சொன்னாள்.

பனி கொட்டிய ஜனவரியில் கட்டடத்து மின்தூக்கியில் இருவரும் சேர்ந்து ஏற நேர்ந்தது. ஆள் இரண்டு நின்றால் தோள் இடிக்கிற பெட்டி. இரண்டாம் மாடி தாண்டியதும் மெத்தோதி கதவைப் பார்த்தபடி கேட்டார்: "இன்னும் போறீங்களா அங்க?"

"எப்பவாவது."

"அங்கயும் பனியா?"

"இல்ல. வெயில்தான்."

"ம். நல்லது."

நாலாம் மாடி வந்தது. "வரேன்" என்று சொல்லி நெவியானா இறங்கினாள். மின்தூக்கி மேலே போய் நின்றதும் அவர் கதவு திறந்து மூடுவதும் கேட்டது. காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, உள்ளே போய், மறுநாளுக்கு அவரைக் கொட்டையை ஊறப் போட்டாள். அன்று கணினியைத் திறக்கவில்லை.