காலித் தொட்டியில் ஏறிய முள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று ஒரு பெட்டி எப்படிச் சொல்லும் என்பதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அந்தப் பெட்டி எங்கள் பக்கத்தில் முதலில் வந்ததே என் அப்பா மேஸ்திரியாக இருந்த சலவைப் பட்டறைக்குத்தான். எழுபதுகளின் தொடக்கம் அது.

அதற்கு முன்பெல்லாம் பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டிக்குள் மூங்கில் கழியை விட்டு அளப்பார்கள். நெடியில் கண் எரியும். முதலாளி பம்பாயிலிருந்து வரவழைத்த பெட்டியோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. தொட்டியின் வாயிலிருந்து அடிவரைக்கும் வெள்ளை உறை போட்ட கம்பி ஒன்று தொங்கும். ரேடியோவுக்கு வருகிற அலை மாதிரி ஒன்று அதற்குள் ஓடுகிறதாம், காதுக்குக் கேட்காதாம். தண்ணீர் எந்த உயரம் வரை கம்பியைச் சூழ்ந்து நிற்கிறதோ, அதற்குத் தக்கபடி பக்கத்து அறையில் இருக்கும் பெட்டியின் முள் ஏறும், இறங்கும். அப்பா சொன்ன இதில் என் மண்டைக்குள் போனது ஒன்றுதான்: முள் ஏறினால் உள்ளே தண்ணீர்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் தொட்டியை வடித்துக் கழுவுவது வழக்கம். அன்றைக்கு உள்ளே இறங்கியவர் என் மாமன், அம்மாவின் தம்பி. "வெளிய வாரப்ப வெள்ளைக்காரனாட்டம் வருவேன், பயந்துக்காத கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். ஆள் இறங்கினால் பெட்டியை அணைத்துவிட வேண்டும் என்பது பொருத்த வந்தவரின் கட்டளை. ஆனால் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்ல நாளும் அதுவுமாக எரிகிற விளக்கை அணைக்க யாருக்கும் கை வரவில்லை. அம்மா அதற்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பூசைப் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள். தொட்டி வாயில் துணைக்கு நின்ற ஆளும் வாழை மரம் வந்துவிட்டதென்று வாசலுக்குப் போய்விட்டார்.

பெட்டி இருந்த அறையில் நான் தனியாக இருந்தேன். சுவருக்கு அப்பால் துடைப்பம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பூச்சியத்தில் படுத்திருந்த முள் அவ்வப்போது லேசாக நடுங்கியது. பிறகு தேய்க்கிற சத்தம் நின்றது. முள் மெல்ல எழுந்து, கால் தொட்டி அளவுக்கு ஏறி, அங்கேயே நின்றுகொண்டது.

வாசலுக்கு ஓடி அப்பாவிடம் சொன்னேன்.

"காலித் தொட்டியில தண்ணி ஏறுதுங்கப்பா."

"கொழா வால்வு பூட்டிக் கெடக்குது. தண்ணி எங்கிருந்து வரும், உன்ற மாமன் அழுகறானாக்கும்?" என்று அப்பா சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். இருந்தாலும் வந்து பார்த்தார். முள்ளைப் பார்த்ததும் தொட்டிப் பக்கம் ஓடினார்.

"மாப்ளே, மேல வாங்க" என்று அவர் கூப்பிட்டது சுவர் வழியாகக் கேட்டது. அதற்குப் பிறகு கயிறு எடுக்கச் சொல்லும் குரல், ஈரத்துண்டு கேட்கும் குரல், அம்மாவின் அலறல்.

நான் அறையை விட்டு நகரவில்லை. மாமன் தண்ணீராகிவிட்டார் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருதரம் துள்ளியது. பிறகு சரசரவென்று இறங்கிப் பூச்சியத்தில் படுத்துவிட்டது. மாமனை வடித்துவிட்டார்கள் என்று நான் ஓவென்று அழுதேன்.

அடியில் படிந்து கிடந்த பிளீச்சிங் மண்டியைக் கிளறியபோது கிளம்பிய நெடியில் மயங்கி, கம்பியைக் கட்டிப்பிடித்தபடியே சரிந்து கிடந்திருக்கிறார் அவர். கம்பியை ஒட்டித் தண்ணீர் நின்றாலும் சரி, ஈர உடம்பு கிடந்தாலும் சரி, முள்ளுக்கு எல்லாம் ஒன்றுதான். இதெல்லாம் எனக்கு விளங்கியது பல காலம் கழித்து.

அன்றைக்கு நான் அழுதுகொண்டிருக்கையில் அம்மா வந்து என்னை வெளியே இழுத்துப் போனாள். மணலில் ஒருவர் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். மேலே குடம் குடமாக ஊற்றியிருந்த தண்ணீரில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். "வா கண்ணு" என்று கையை நீட்டினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் மட்டும் பக்கத்தில் போய் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ, பம்பு தண்ணீர் ஏற்றுகிற மாதிரி, விடாமல் இடித்துக்கொண்டிருந்தது. தொட்டி மறுபடி நிறையத் தொடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.