சேதுக் காசும் தபால் செலவும்

மாமா லண்டனுக்குப் போன பிறகும் அவருடைய பெயருக்கு நாணய ஏலப் புத்தகங்கள் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்க்கு வந்துகொண்டே இருந்தன. அவற்றை அனுப்புகிறவர்களுக்கு அவர் இடம் மாறியது தெரியாது. அவர்கள் இருந்ததும் லண்டனில்தான். மாமாவும் அவர்களும் ஒரே நகரத்தில் இருக்க, புத்தகம் மட்டும் கடல் தாண்டி வந்து மாமியின் கையில் சேரும்.

மாமா என் அம்மாவின் தம்பி. கொழும்பில் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கி, அடுத்த வருடமே வெளிநாடு போய்விட்டார். அப்போது அவருக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தோட்டங்களைக் கொத்தும்போது செம்மண்ணிலிருந்து வெளிவரும் பழைய செப்புக் காசுகளைத் தேடி வாங்கிச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். அந்தக் காசுகள் ஒரு மரப்பெட்டியில் மாமியிடம் இருந்தன. மாமா வரும்வரை துணைக்கு இரு என்று என்னை அம்மா அனுப்பியிருந்தார். எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு அடுத்த ஒழுங்கையில்தான். பொழுது படும் நேரத்தில் அங்கே தங்கை கத்திப் பாடுவது கேட்கும். இங்கே மாமி கேற்றைப் பூட்டிவிட்டு வந்து வானொலியைத் திருகுவார். எங்கள் இருவருக்கும் கதைக்க அதிகம் இருக்கவில்லை.

மாமிக்குக் காசுகளில் ஒரு நாளும் அக்கறை இருந்ததில்லை. ஏலப் புத்தகங்கள் பிரிக்கப்படாமலே கிடக்கும். படம் பார்ப்பதற்காக நான்தான் ஒன்றைப் பிரித்தேன். ஒரு பக்கத்தில், ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே, தேய்ந்த காசொன்றின் படம். படுத்திருக்கும் எருது. அதன் கீழே இரண்டே எழுத்து.

"மாமி, இஞ்சை பாருங்கோ, தமிழிலை 'சேது' எண்டு கிடக்கு!"

மாமி வாங்கிப் பார்த்தார். அது யாழ்ப்பாணத்து அரசர்கள் அடித்த காசு என்று மாமா சொல்லியிருக்கிறாராம். மாமாவின் பெட்டியில் அதில் ஒன்றுகூட இல்லையாம். அன்று பின்னேரம் முழுவதும் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்தார். பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்த பக்கம் அது.

"ஏலத்திலை விழுகிற விலை ஒண்டு, பிள்ளை. நாங்கள் கட்டிற விலை வேறை. விழுந்த விலைக்கு மேலை நூற்றுக்குப் பத்து அவைக்குத் தரகு. பிறகு பொதி கட்ட, பதிவுத் தபாலுக்கு, வழியிலை துலைஞ்சால் எண்டு காப்புறுதிக்கு, எல்லாத்துக்கும் தனித்தனியா வாங்குவினம்."

"அப்ப காசை விடச் செலவு கூடுமே?"

"கூடும்தான். ஆனால் ஆள் நேரை போய் எடுத்தால் தபால் செலவில்லை எண்டு போட்டிருக்கு. மாமா போய் எடுக்கட்டும். எடுத்தால் பெட்டியிலை வைக்கக் கொண்டு வரத்தானே வேணும்."

மாமியின் சிக்கனத்தை நான் மெச்சிக்கொண்டேன். அவர் மாமாவின் பெயரில் ஒரு தொகையை எழுதி அனுப்பினார். வேறு யாரும் அந்தக் காசைக் கேட்கவில்லை போலும், எங்களுக்கே விழுந்துவிட்டது என்று பதில் வந்தது. மாமி நல்ல சேலை உடுத்து என்னையும் கூட்டிக்கொண்டு, மாமாவோடு கதைக்க யாழ்ப்பாணப் பட்டணத்துத் தொலைபேசிக் கடைக்குப் போனார்.

இணைப்புக் கிடைக்க வெகுநேரம் ஆனது. கிடைத்ததும் கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி மாமி கத்தினார்.

"ஓம், நான்தான் கேட்டனான்! நீங்கள் போய்க் கட்டி எடுங்கோ... இல்லை, தபாலிலை போடாதேங்கோ, வீண் செலவு! வரேக்குள்ளை கையிலை கொண்டு வாங்கோ!"

பிறகு அவர் கத்தவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் மெதுவாக ஏதோ கேட்டார். அந்தப் பக்கத்துக்கு விளங்கவில்லை போலும், திரும்பவும் உரக்கக் கேட்க வேண்டியிருந்தது.

"எத்தினை வருஷமெண்டு சொல்லினம்?"

காத்திருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். காசு எத்தனை வருடப் பழசு என்றுதான் மாமி கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். தனக்கு வாங்கவில்லை. பஸ்ஸில் கேட்டேன்:

"எத்தினை வருஷமாம், மாமி?"

"அவைக்கும் தெரியாதாம்."

"ஏன், அதிலை வருஷம் போடேல்லையோ?"

மாமி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இல்லைப் பிள்ளை. போடேல்லை."

சில கிழமைகளில் பதிவுத் தபாலில் ஒரு சின்னப் பொதி வந்தது. மாமா காசை எடுக்கப் போகவேயில்லை. இருந்த இடத்திலிருந்தே பணத்தைக் கட்டி, உரும்பிராய்க்கே அனுப்பிவிடச் சொல்லியிருந்தார். உள்ளே ஏலக்காரரின் பற்றுச்சீட்டும் இருந்தது. கூட்டிப் பார்த்தேன். தரகு, பொதி, தபால், காப்புறுதி எல்லாம் சேர்ந்து காசின் விலையை விட இரண்டு மடங்கு வந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"அனுப்ப வேண்டாமெண்டு அவ்வளவு கத்திச் சொன்னியளே மாமி!"

மாமி அந்தக் காசை உள்ளங்கையில் வைத்தபடி குசினிப் படியில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். பயந்துபோய் ஓடி அம்மாவைக் கூட்டி வந்தேன். அம்மா பக்கத்தில் இருந்து மாமியின் முதுகைத் தடவினார். "அகதிப் பதிவுக்கு எண்டு அங்கை அவரின்ரை பாஸ்போட்டை வாங்கி வைச்சிட்டினமாம், மச்சாள்" என்று மாமி சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கும் தபால் செலவுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. மாமி அழுவது வீணாய்ப்போன பணத்துக்காகத்தான் என்று நம்பி, அவரைத் தேற்றினேன்.

"அழாதேங்கோ மாமி. அடுத்த காசை மாமாவே கொண்டு வருவார். அதுக்குச் செலவு வராது."

அம்மா என்னை முற்றத்துக்குப் போய் விளையாடச் சொன்னார்.

அடுத்த நாள் அம்மா என் உடுப்புகள் எல்லாவற்றையும், திருவிழாவுக்குப் போடுகிற பட்டுப் பாவாடை உட்பட, கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மாமி அலுமாரியைத் திறந்தார். ஒரு தட்டு முழுக்க மாமாவின் சட்டைகள் இருந்தன. இருவரும் அவற்றை எடுத்து மேல் தட்டுக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் என் உடுப்புகளை அடுக்கினார்கள்.

"எல்லாத்தையும் ஏனம்மா கொண்டு வந்தனீங்கள்? மாமா வந்த உடனை திருப்பித் தூக்க வேணுமே" என்றேன்.

"இருக்கட்டும் பிள்ளை" என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் தங்கையின் உடுப்புகள் இன்னமும் அண்ணையின் உடுப்புகளோடு ஒரே பெட்டிக்குள்தான் கிடந்தன. எனக்கோ ஒரு முழுத் தட்டு கிடைத்திருந்தது. அதைச் சொல்லி அவளுக்கு எரிச்சலூட்ட, மாமி கூப்பிடுவதையும் கேளாமல், ஒழுங்கை வழியே ஓடினேன்.