கன்னிகாவின் மடியில் தீப்பெட்டிகள்

கன்னிகா கை நீட்டினால் தீப்பெட்டியைக் கொடுத்துவிட வேண்டும். "இங்க குந்திக்கினு பீடி பத்த வைக்கிற வேலையெல்லாம் வாணாம், குடு" என்று வாங்கி மடியில் செருகிக்கொள்வாள். களத்தைவிட்டுப் போகும்போது திருப்பித் தருவாள். எத்திராஜ் தாலி கட்டியவன். அவனுக்கும் சலுகை கிடையாது; கட்டுக் கணக்கு எழுதப் போகும் எனக்கும் கிடையாது.

பாலசமுத்திரத்தில் கரும்பு வெட்டி முடிந்தால் சோகைக்கு வயலிலேயே தீ வைப்பதுதான் வழக்கம். அந்தக் காய்ந்த இலையைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து எத்தனால் ஆலைக்கு அனுப்பலாம் என்று ஊரைச் சம்மதிக்க வைத்தவள் இவள். "வண்டி குடிக்கிற சாராயம் சார். அது குடிச்சா ஊருக்கு நல்லது" என்பாள், எத்திராஜைப் பார்த்துக்கொண்டே. ஆள் ஒல்லி. குரல் மட்டும் மூன்று வயல் தாண்டும்.

போன வருஷம் போகியன்று யார் வீட்டுப் பொறியோ பறந்து வந்து, களத்தில் அடுக்கி வைத்திருந்த கட்டுகளெல்லாம் சாம்பலாயின. ஊர் சிரித்தது. "இந்த வாட்டியும் எரிஞ்சா ஒருத்தரும் சோகை குடுக்கமாட்டாங்க. பழையபடி கொளுத்திடுவாங்க" என்று இந்த வருஷம் கட்டு அடுக்கும்போதே சொன்னாள்.

போகிக்கு முன்பே வரவேண்டிய லாரி, அச்சு முறிந்து புத்தூரில் நின்றுவிட்டது. "எலும்பு ஒடிஞ்சவன் கட்டு கட்டிக்க புத்தூரு போவான். இது அங்க போயி ஒடிஞ்சிக்கினு கீது" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

போகி விடிந்தது. தெருவெல்லாம் பழைய பாயும் முறமும் எரிந்தன. கன்னிகா வீட்டு வாசலில் மட்டும் நெருப்பில்லை. ஈரச்சாக்கும் கையுமாக அவள் களத்தில் அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காற்று களத்துப் பக்கம் திரும்பியபோது நானும் ஒரு சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டேன். ஒரு பொறி வந்து மேல்கட்டில் உட்கார்ந்தது. அது கண் திறப்பதற்குள் சாக்கால் ஒரே போடு போட்டாள்.

வெயில் ஏறியபிறகு லாரி வந்தது. கடைசிக் கட்டும் ஏறியாயிற்று. "அயிப்போயிந்தா அம்மா?" என்று, முடிந்ததா எனத் தெலுங்கில் கேட்டான் டிரைவர். "அயிப்போயிந்தி. எங்கயும் நிக்காத, போய்க்கினே இரு நைனா."

லாரி திருப்பத்தில் மறைந்ததும் எங்கள் எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. எத்திராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். கன்னிகா மடியை அவிழ்த்து அவரவர் தீப்பெட்டியை அவரவரிடம் கொடுத்தாள். என்னுடையதை மட்டும் தரவில்லை. களத்தில் உதிர்ந்து கிடந்த சோகையில் ஒரு கைப்பிடி வாரிக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போனாள். அதன்மேல் தேய்ந்த துடைப்பம் ஒன்றை வைத்தாள். குந்தி உட்கார்ந்து, குச்சியை உரசினாள்.