இல்போ சொன்ன "நோ நீன்"

வீடுகளுக்குச் சூடு அனுப்பும் எங்கள் ஊர் வெப்ப நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்போ வாயைத் திறந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் வரும்: "நோ நீன்." வேலை முடிந்தாலும் அதுதான், குடி முழுகினாலும் அதுதான். 'சரி', 'ஆச்சு', 'போச்சு' என எல்லாவற்றுக்கும் ஃபின்லாந்தில் எல்லோரும் சொல்வதுதான் என்றாலும், இவனளவுக்குச் சிக்கனமாக அதை வைத்தே குடும்பம் நடத்துபவன் வேறு யாருமில்லை.

புதுக் கணினி வந்தால் இல்போ முதலில் அதன் மூடியைத்தான் கழற்றுவான். மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையில் ஒரு சில்லு, அதாவது சிப், இருக்கிறது. மெஷின் கண் விழித்ததும் முதலில் அது சொல்வதைத்தான் கேட்கும். அதற்குள் வைரஸ் குடியேறிவிட்டால் டிஸ்க்கைத் தூக்கி எறிந்தாலும் போகாது. அதனால் சில்லில் இருப்பதை முதல் நாளே நகல் எடுத்துக்கொண்டு, யாரும் எதையும் எழுத முடியாதபடி ஜம்பர் என்கிற குட்டிப் பூட்டையும் போட்டுவிடுவான். அப்டேட் போட வரும் கம்பெனிக்காரர்கள் அவனைத் திட்டாமல் போனதில்லை. கொதிகலனைக் கவனித்துக்கொள்ளும் நானும் திட்டியிருக்கிறேன்.

போன ஜனவரியில், மற்ற கணினிகளைப் பழுதுபார்க்க நாங்கள் வைத்திருக்கும் லேப்டாப்பில் வைரஸ் புகுந்தது. அதில் மட்டும் பூட்டுப் போட இடமில்லை. டிஸ்க்கை மாற்றியும் மறுநாளே திரும்பி வந்தது. இல்போ அதை நோண்டிக்கொண்டிருந்தபோது மேலாளர் மர்யுக்கா எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்றாள். "நோ நீன்" என்று சொல்லிவிட்டு, வண்டியில் இருந்த ஏதோ ஒரு கருவியை எடுக்கப் போனான். வந்து பார்த்தால் மேசை காலி.

"லேப்டாப் எங்க?"

"கொதிகலன் கணினில மாட்டிட்டேன். நீதான் சரியாயிடுச்சுன்னியே."

"நான் எப்ப சொன்னேன்?"

"நோ நீன்னு சொன்னியேப்பா."

"வைரஸ் சில்லுலதான் இருக்கு, கண்டுபிடிச்சிட்டேன்னு சொன்னேன்."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன கேடு உனக்கு?"

வெளியே மைனஸ் இருபத்தேழு டிகிரி. ஊர் முழுக்க வீடுகளுக்குச் சூடு போவது அந்தக் கொதிகலனிலிருந்துதான். மர்யுக்காவின் மகள் முந்தின நாள்தான் பிள்ளை பெற்று வீடு திரும்பியிருந்தாள்.

இல்போ லேப்டாப்பைப் பிடுங்கினான், கொதிகலனை ஓட்டும் கணினியை அணைத்தான். அது மறுபடி ஓடும்வரை நான் வால்வுகளைக் கையால் திருப்பிக் கொதிகலனை ஓட்ட வேண்டியதாயிற்று. எனக்கு வேறொரு பயமும் இருந்தது. அக்டோபரில் இல்போ மூஸ் மான் வேட்டைக்கு லீவில் போயிருந்தபோது, கம்பெனிக்காரன் ஒருவன் அப்டேட்டுக்காக இந்தக் கணினியின் பூட்டைத் திறந்தான். அப்டேட் ஏறவில்லை என்று விட்டுவிட்டுப் போனான்; பூட்டைத் திரும்பப் போட்டானா என்று யாரும் பார்க்கவில்லை.

மூடி கழன்றது. "பூட்டு இருக்கா?" என்று கத்தினேன்.

"இருக்கு."

"அப்புறம் என்ன, போட்டு ஓட்டு. எனக்குக் கை கழண்டுடும் போல இருக்கு."

"இரு."

சில்லின் மேல் கிளிப்பை மாட்டினான். அதில் இருப்பதைப் படித்து, தன்னிடமிருந்த பழைய நகலோடு ஒப்பிட்டான். அவன் நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. மர்யுக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசியில் எழுந்து அவள் பக்கம் திரும்பினான்.

"ரெண்டும் ஒண்ணுதான். ஒரு எழுத்துகூட மாறல. வைரஸால சில்லுக்குள்ள போக முடியல. டிஸ்க்க மாத்திட்டா போதும், கொஞ்ச நேரத்துல ஓடிடும். பாப்பாவுக்குக் குளிராது, மர்யுக்கா."

இத்தனை வருடத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அப்பாடா என்று எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மர்யுக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள். அழுகை நின்றதும் மகளுக்குப் போன் போட்டாள்.

"வீடு சூடா இருக்கா?"

"இருக்கேம்மா. ஏன் கேக்கற?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."