சத்துக்கு நான் போட்ட கொம்பு

இதை நானே எழுதி இந்தக் காப்பிக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எல்லோரும் படியுங்கள்.

எருமப்பட்டி மாவுக்கடைப் பலகையில், "காய்ந்த மரவள்ளி மாவு, குழந்தைக்குச் சத்து" என்றிருக்கிறது. யுத்தத்தில் அரிசி கிடைக்காததால் என் பேத்திக்கு அந்தக் கஞ்சியே கொடுத்தோம். பிள்ளைக்குக் கால் வீங்கிவிட்டது.

"மரவள்ளியில சத்தே கொஞ்சந்தானுங்க, காயவெச்சா அதுவும் கொறஞ்சிருமுங்க. வயிறுதான் ரொம்பும். பருப்பு குடுங்க" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸம்மா.

இன்று கடைக்காரரைக் கேட்டேன்.

"காஞ்சா தண்ணிதானுங்க போவுது, சத்து கெட்டியாயிரும். பலகையப் படிக்கத் தெரியுமாங்க உங்களுக்கு?" என்று சிரித்தார்.

படிக்க மட்டுமா? கரித்துண்டை எடுத்து, பலகையிலிருந்த 'சத்து'க்கு முன்னால் ஒரு கொம்பு போட்டேன். 'செத்து' ஆகிவிட்டது.

"ஏனுங்க பெரியவரே, என் யாவாரமே போச்சுங்களே!"

போகட்டும். கொம்பில் பிழையிருந்தால் மட்டும், எழுத்துத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.