காகிதப்பூவுக்குத் தாகம், இட்லிப்பூவுக்குத் தண்ணீர்

1. மண்வெட்டி வெளியே

முதல் நாளே என் மண்வெட்டியைக் கேட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

சூலக்கரைப் பக்கம் ஒரு நர்சரியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் தோட்டக்காரர் தேவை என்றார்கள். மல்லாங்கிணறிலிருந்து கம்பெனி வேனிலேயே போய் வரலாம் என்பதால் சேர்ந்துவிட்டேன். கேட்டில் நின்ற ஃபோர்மேன் சங்கரலிங்கம் என் மண்வெட்டியைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இரும்பு உள்ள வரக்கூடாது. கல்லுல பட்டா பொறி பறக்கும். ஒரு பொறி போதும், அம்புட்டுப் பேரும் போயிருவோம்."

பதிலுக்கு ஒரு மரக்கொத்தும் பித்தளைக் கரண்டியும் கொடுத்தார். கரிசல் மண்ணைக் கரண்டியால் கொத்திப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் தெரியும். ஆனால் அவர் சொன்னது நியாயம். சங்கரலிங்கம் பொறுப்பில் இருந்தவரை அந்தக் கம்பெனியில் ஒருவர் கையில்கூடச் சூடு பட்டதில்லை. சட்டத்தில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் செய்வார். அதற்கு மேல் ஓர் எழுத்துகூடச் செய்யமாட்டார்.

2. இரண்டு செடி, இரண்டு குணம்

பட்டாசு மருந்து கலக்கும் ரூம் ஓரத்தில் ஆறு தொட்டிக் காகிதப்பூ. கேட் ஓரத்தில் ஆறு தொட்டி இட்லிப்பூ. பன்னிரண்டிலும் ஒரு பூ கிடையாது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காகிதப்பூவுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். தண்ணீரைக் கண்ணில் காட்டக்கூடாது. இலை லேசாகத் துவளும்போது ஒரு வாய் கொடுத்தால் போதும். சீராட்டினால் இலையாக விட்டுத் தள்ளும். பட்டினி போட்டால்தான் பூக்கும். இட்லிப்பூ அப்படியே எதிர். வேரில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும், மத்தியான வெயிலுக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும், மண்ணில் புளிப்பு வேண்டும். நம் ஊர் உப்புத்தண்ணீரும் சிமெண்ட் தொட்டியின் சுண்ணாம்பும் சேர்ந்தால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிவிடும்.

இங்கே நடந்தது என்னவென்றால், தீயணைக்க வைத்திருக்கும் சிவப்பு பக்கெட்டுகளில் தினமும் காலையில் தண்ணீர் மாற்ற வேண்டும். பழைய தண்ணீரை எங்கே கொட்டுவார்கள்? பக்கத்தில் நிற்கும் காகிதப்பூவுக்கு. கேட்டில் நின்ற இட்லிப்பூவுக்கு வாரம் ஒரு முறை டேங்கர் லாரி ஒழுகினால் உண்டு.

தொட்டிகளை இடம் மாற்றிவிட்டால் தீர்ந்தது. நாலு பேர் பிடித்தால் அரை நாள் வேலை. சங்கரலிங்கத்திடம் சொன்னேன். அவர் ஆபீஸிலிருந்து ஒரு நீல பிளானைக் கொண்டுவந்து விரித்தார். வரைந்த மனிதருக்கு என்ன உற்சாகமோ, ரூம், சுவர், தண்ணீர்த்தொட்டியோடு செடிகளையும் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டிருந்தார். 'காகிதப்பூ – 6'. 'இட்லிப்பூ – 6'.

"லைசென்ஸ் பிளான் அண்ணாச்சி. இதுல உள்ளத நகட்டுனா லைசென்ஸே போயிரும்."

"சங்கரலிங்கம், இது செடிங்க."

"வட்டம் போட்டிருக்குல்ல?"

3. முதலாளியின் கெடு

வைகாசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஞானராசு, ஆனியில இன்ஸ்பெக்ஷன். ஆபீசர் கேட்டுக்குள்ள வந்ததும் பூவாத் தெரியணும். ரெண்டு செடியும் ஒரே நாள்ல பூக்கணும். இல்லேன்னா மதுரையில ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி இருக்கு. அவங்கள வரச் சொல்லிருவேன். மனசுல வச்சுக்காதீக."

மனதில் வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? என் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? பயந்துவிட்டேன்.

காகிதப்பூத் தொட்டிகளுக்கு மேலே பாலிதீன் ஷீட் கட்டினேன். பிளாஸ்டிக் உரசினால் கரண்ட் பிறக்கும் என்று சங்கரலிங்கம் அவிழ்த்துவிட்டார். துணிக்குடை விரித்தேன். குடைக்கம்பி இரும்பு என்றார். கடைசியில் தினமும் காலையில் தொட்டிகளுக்கு முன்னால் நானே கையை விரித்துக்கொண்டு நின்றேன். மூன்று நாள் நனைந்த பிறகு, மருந்து ரூமில் வேலை செய்யும் முத்துமாரி பக்கெட்டோடு நின்று கேட்டாள்.

"அண்ணே, தினம் எதுக்கு இங்கன வந்து குளிக்கீக?"

சொன்னேன்.

"அந்தப் பக்கம் ஊத்துங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. எங்கள்ட்ட யாரு சொன்னா?"

உண்மைதான். பிளானைப் பார்த்தேன், குடையை விரித்தேன், தண்ணீர் ஊற்றுகிறவளைக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பக்கெட் தண்ணீர், மருந்து ரூமின் மறுபக்கம் போனது. அதோடு விடாமல், கேட் பக்கம் சாப்பிட வரும் பெண்கள் தூக்குவாளி கழுவிய தண்ணீரையும் பழைய சோற்றில் மிச்சமான புளித்த நீச்சத்தண்ணியையும் இட்லிப்பூவுக்கு ஊற்ற ஏற்பாடு செய்தாள். ஈரமும் ஆச்சு, புளிப்பும் ஆச்சு.

மஞ்சள் இலைக்கு மட்டும் இரும்புச்சத்துக்கு அன்னபேதி உப்பு வேண்டும். கால் கிலோ பொட்டலத்தோடு கேட்டுக்கு வந்தேன். லிஸ்ட்டில் இல்லாத பவுடர் உள்ளே வராது என்றார் சங்கரலிங்கம். வெளியே ரோட்டில் உட்கார்ந்து ஒரு குடம் தண்ணீரில் கரைத்துக்கொண்டு மறுபடியும் வந்தேன். குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது பவுடர் இல்ல. தண்ணி. தண்ணி லிஸ்ட்ல இருக்கு. போங்க."

4. ஆனிக் காற்று

இன்ஸ்பெக்ஷன் அன்று காலை வேனிலிருந்து இறங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டில் இட்லிப்பூ கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தது. மருந்து ரூம் ஓரத்தில் இலையே தெரியாமல் காகிதப்பூ. முதலாளி என் தோளில் தட்டினார்.

பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். கூடவே காற்றும் வந்தது. நம் ஊர் ஆனிக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு தொட்டிக் காகிதப்பூவில் காய்ந்ததெல்லாம் சரசரவென்று பறந்து மருந்து ரூம் வாசற்படியில் குவிந்தது. ஆபீசர் ஒரு பிடி அள்ளி நசுக்கினார். பொடியாக உதிர்ந்தது.

"என்னய்யா இது, பேப்பர் குப்பை?"

"பூ சார்" என்றார் முதலாளி.

"மருந்து ரூம் வாசல்ல காஞ்சது எதுவுமே கிடக்கக்கூடாது. தோட்டம் யார் பொறுப்பு?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நான்தான் சார்."

"காகிதப்பூவ எங்க வைக்கணும்?"

"கேட்ல சார். வெயிலும் வறட்சியும் அங்கதான்."

"இட்லிப்பூவ?"

"இங்க சார். தினம் பக்கெட் தண்ணி கிடைக்கும். ரூம் நிழல் விழும். எப்பவும் பச்சையா நிக்கும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்யா மாத்தி வச்சீங்க?"

"பிளான்ல இருக்கு சார்."

சங்கரலிங்கம் தயாராக வைத்திருந்த பிளானை விரித்தார். ஆபீசர் அந்த வட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு நோட்டீஸ் எழுத ஆரம்பித்தார். அதில் நான்காவது குறை: காகிதப்பூவைக் கேட்டுக்கும் இட்லிப்பூவை மருந்து ரூம் ஓரத்துக்கும் தற்போதைய தோட்டக்காரர் மூலம் ஏழு நாளில் மாற்ற வேண்டும்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. ஆபீசரின் ஜீப் கிளம்பியதும் மதுரைக்காரர்களுக்குப் போன் போடச் சொன்னார். சங்கரலிங்கம் குறுக்கே வந்து நின்றார்.

"முடியாது முதலாளி. தற்போதைய தோட்டக்காரர்னு நோட்டீஸ்ல எழுதியிருக்கு."

5. புது பிளான்

ஏழு நாள் எதற்கு? அன்று சாயங்காலத்துக்குள் தொட்டிகளை மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவை பூக்காத வருடம் இல்லை. நான் கற்றது இவ்வளவுதான்: செடிக்கு என்ன தேவை என்று தெரிந்தால் பாதி வேலை, அதன் தலையில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் வாயைத் திறந்து சொன்னால் மீதி வேலை.

அடுத்த மாதம் புது பிளான் வந்தது. வரைந்தவர் மாறவில்லை. செடி வட்டங்களைச் சரியாக மாற்றியிருந்தார். மருந்து ரூமுக்கும் கேட்டுக்கும் நடுவில் புதிதாக இன்னொரு வட்டம் இருந்தது. 'தோட்டக்காரர் – 1'.

சங்கரலிங்கம் அதை என்னிடம் காட்டினார்.

"இனி உங்கள யாரும் எடுக்க முடியாது அண்ணாச்சி. எடுத்தா லைசென்ஸ் போயிரும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டு, நான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டடி தள்ளி நிக்கீகளே. கொஞ்சம் அங்கன போங்க."

ரிட்டயர் ஆகிற நாள்வரை டீ குடிப்பதென்றாலும் அந்த இடத்தில் நின்றுதான் குடித்தேன்.